கார்புரேட்டருக்குள் திரும்பும் தண்ணீர்

அரிசியிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையில் கடைசியாக நடக்கும் வேலைதான் மிகக் கடினம். மாவுச்சத்தை நொதிகள் சர்க்கரையாக உடைக்கின்றன. சர்க்கரையை ஈஸ்ட் எத்தனாலாக மாற்றுகிறது. அதைக் காய்ச்சி வடிக்கிறார்கள். ஆனால் எத்தனை முறை வடித்தாலும் 95.6 சதவீதத்துக்கு மேல் எத்தனாலின் சுத்தம் ஏறாது. மிச்சத் தண்ணீர் அதோடு சேர்ந்தே கொதித்து, சேர்ந்தே ஆவியாகி வந்துவிடும். அதைப் பிரிக்க, ஜியோலைட் என்ற கனிமக் குருணைகளின் வழியே ஆவியைச் செலுத்த வேண்டும். குருணையின் நுண்துளைகளுக்குள் தண்ணீர் மூலக்கூறு நுழைந்து தங்கிவிடும். சற்றே பெரிய எத்தனால் மூலக்கூறு நுழைய முடியாமல் வெளியே போய்விடும். இப்படி உலர்த்தியெடுத்த எத்தனாலைத்தான் பெட்ரோலில் கலக்கிறார்கள்.

அவ்வளவு பாடுபட்டு விரட்டிய தண்ணீர், ஐப்பசி அடைமழையில் ஒரத்தநாட்டிலோ பாபநாசத்திலோ ஒரு கொட்டகையில் சும்மா நிற்கும் மருந்தடிக்கும் மெஷினுக்குள் மெல்லத் திரும்பி வருகிறது. பழைய எஞ்சின்களின் தொல்லையில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் இந்தியாவில் 2003இல் தொடங்கியது. 2022 ஜூனில் கலப்பு 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025க்குள் நாடெங்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. 2024-25இல் இதற்காக மத்தியத் தொகுப்பிலிருந்து 52 லட்சம் டன் அரிசி ஒதுக்கப்பட்டது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் ரப்பரும் உலோகமும் இந்தக் கலப்பைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. காவிரி டெல்டாவில் ஓடுவதெல்லாம் அவை மட்டுமல்லவே! 1980இல் வந்த டிவிஎஸ் 50இன் வழிவந்த மொபெட்டுகள் இன்றும் வரப்போரம் உரமூட்டையும் புல்லுக்கட்டும் சுமக்கின்றன. பவர் ஸ்ப்ரேயர், களையெடுக்கும் பவர் வீடர், புல் வெட்டும் மெஷின் என்று சிறு பெட்ரோல் எஞ்சின்கள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை கார்புரேட்டர் வைத்தவை.

ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் புகைக்குழாயில் இருக்கும் சென்சார் ஆக்சிஜனை அளந்து சொல்ல, எவ்வளவு பெட்ரோல் விடுவது என்பதை எஞ்சினே திருத்திக்கொள்ளும். கார்புரேட்டரில் அந்த வசதி கிடையாது. பித்தளை ஜெட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை எவ்வளவு விடுகிறதோ, அவ்வளவுதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுக்க எரிய 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் கலப்புப் பெட்ரோல் பழைய ஜெட் வழியே வரும்போது காற்று மிகுந்துபோகிறது. எஞ்சின் கூடுதலாகச் சூடேறும், ஆக்சிலேட்டர் திருகினால் திணறும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்கட் நிறத்துக்குப் பதில் வெளுத்திருக்கும். அப்படி இருந்தால் ஏர் ஸ்க்ரூவைச் சரிசெய்து பார்க்கலாம். போதாவிட்டால் ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் போடச் சொல்லி மெக்கானிக்கைக் கேட்கலாம். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜும் கொஞ்சம் இறங்கும். இதெல்லாம் ஓடும் எஞ்சினின் கதை. ஓடாமல் நிற்கும் எஞ்சினின் கதைதான் எனக்குக் கவலை தருகிறது.

மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த ஒரு கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். உட்சுவரில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும்: கிண்ணத்தின் துத்தநாக, அலுமினியக் கலவை அரித்த மிச்சம் அது. பித்தளை ஜெட்டில் பச்சை பூத்திருக்கும். பெட்ரோல் ஆவியான இடத்தில் பழுப்புப் பிசின். மிதவை ஊசியின் ரப்பர் முனை ஊதியிருக்கும். பெட்ரோல் டியூப்பை மடக்கினால் வெடிப்பு தெரியும். பழைய டேங்கின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த அழுக்கையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டில் அடைக்கிறது.

வெறும் பெட்ரோல் தண்ணீரை ஏற்றுக்கொள்வதே இல்லை எனலாம். 10 சதவீத எத்தனால் கலந்தால் ஒரு லிட்டரில் சுமார் 5 மில்லி தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து நிற்கும். 20 சதவீதமென்றால் இன்னும் கூட. அந்த எல்லை தாண்டினால் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனிப்படலமாக இறங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்துதானே எஞ்சின் குடிக்கிறது! டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இது இரட்டை ஆபத்து. ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிட, அடியில் வருவதில் வழுவழுப்பே இருக்காது; பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். காற்றின் ஈரம் மட்டுமே இவ்வளவு தண்ணீரைச் சேர்க்க நாளாகும். சரியாக மூடாத டேங்க் மூடி, மழையில் நனைந்த கேன், இரவுக் குளிரில் டேங்குக்குள் பூக்கும் வேர்வை ஆகியவைதான் வேகமான வழிகள்.

ஆகவே செய்ய வேண்டியது எளிது. சம்பா மருந்தடிப்பு முடிந்ததும் மெஷினின் டேங்க்கை வடித்துவிட்டு, எஞ்சினைத் தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும். கிண்ணத்தின் அடியில் திருகு இருந்தால் அதையும் திறந்து மிச்சத்தை வடிக்க வேண்டும். பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. தினம் ஓடும் மொபெட்டின் இரும்பு டேங்க்கை மழைக்காலத்தில் முக்கால்வாசிக்குக் குறையாமல் வைத்தால் ஈரக்காற்றுக்கு இடம் குறையும். ஆயில் கலந்த பெட்ரோலை அந்தந்த வாரத் தேவைக்கு மட்டும் கலந்துகொள்ளலாம். டியூப்பும் வாஷரும் மாற்றும்போது எத்தனால் தாங்கும் வகையாகக் கேட்டு வாங்கலாம். அடைத்த ஜெட்டைக் கிளட்ச் கேபிள் கம்பியால் குத்துவது வேண்டவே வேண்டாம், துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்ப்ரேயும் அழுத்தக் காற்றும் போதும்.

எத்தனாலை நான் குறை சொல்லவில்லை. 1975இலேயே பெருந்திட்டம் தொடங்கிய பிரேசில், அதற்கேற்ற எஞ்சின்களையும் உருவாக்கிக்கொண்டது. 1979இல் முழு எத்தனாலில் ஓடும் காரை விற்பனைக்கே கொண்டுவந்தது. நம் நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும், பழைய வண்டிகளைக் காக்க 10 சதவீதம் கலந்த பெட்ரோல் தனியாகக் கிடைக்க வேண்டும் என்றே பரிந்துரைத்தது. பழைய எஞ்சின்களை நம்பி விவசாயம் நடக்கும் டெல்டாவில், வட்டத்துக்கு ஒரு பங்க்கிலாவது அந்தப் பெட்ரோலைக் கொடுக்கலாம். எண்ணெய் நிறுவனங்கள் இதைச் செய்ய வேண்டும். விவசாய சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும்.