டைப்ரைட்டர் கம்பெனி செஞ்ச துப்பாக்கி

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கிறவங்க ரொம்ப ஆசையாத் தேடுற ஒரு ரைஃபிள் இருக்கு. பேரு எம்1903ஏ3. அதுலயும் குறிப்பா, மேல் பக்கம் இரும்புல ‘ஸ்மித்-கொரோனா’ன்னு பொறிச்சிருந்தா தனி மவுசு. ஆமா, டைப்ரைட்டர் செஞ்ச அதே ஸ்மித்-கொரோனாதான். ‘இவங்களுக்கும் துப்பாக்கிக்கும் என்னங்க சம்பந்தம்?’ன்னு தோணும். இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான்.

உண்மையில இவங்க ஆரம்பிச்சதே துப்பாக்கியிலதான். நியூயார்க் மாநிலத்துல சிரக்யூஸ்னு ஒரு ஊர். 1880-கள்ல அங்கே லைமன் ஸ்மித் என்பவர் ஷாட்கன் தயாரிச்சுக்கிட்டிருந்தார். அவர்கிட்ட வேலை பார்த்த அலெக்சாண்டர் பிரவுன், ‘ஸ்மித் பிரீமியர்’னு ஒரு டைப்ரைட்டரை வடிவமைச்சார். அது நல்லா வித்ததும், ஸ்மித் துப்பாக்கித் தொழிலையே வேற ஆளுக்கு வித்துட்டார். 1903-ல் ஸ்மித் சகோதரர்கள் புதுசா ஒரு டைப்ரைட்டர் கம்பெனி தொடங்கினாங்க. கையில தூக்கிட்டுப் போற சின்ன மெஷினுக்குப் பேர்போன கொரோனா கம்பெனி, 1926-ல் அதோட சேர்ந்துச்சு. ஸ்மித்-கொரோனாங்கிற பேர் வந்தது அப்படித்தான்.

இது ஒரு கம்பெனியோட கதை மட்டும் இல்லை. 1870-கள்ல விற்பனைக்கு வந்து வெற்றி பெற்ற முதல் டைப்ரைட்டரைத் தயாரிச்சதும் ரெமிங்டன்ங்கிற துப்பாக்கிக் கம்பெனிதான். காரணம் எளிமை. ரெண்டுக்கும் ஒரே திறமைதான் வேணும்: சின்னச் சின்ன இரும்புப் பாகங்களை, துளி வித்தியாசம் இல்லாம, ஆயிரக்கணக்குல செய்யணும்.

இப்போ இரண்டாம் உலகப் போருக்கு வருவோம். அமெரிக்க ராணுவத்தோட புது ரைஃபிள் எம்1 கேரண்ட். ஆனா வேண்டிய அளவுக்கு வேகமாத் தயாராகலை. அதனால பழைய எம்1903 மாடலையே சுலபமாச் செய்யற மாதிரி மாத்தினாங்க. உருக்குக் கட்டியைக் கடைஞ்சு எடுத்த சில பாகங்களைத் தகடை அழுத்தியே செஞ்சாங்க. அதுதான் எம்1903ஏ3.

இன்னொரு பக்கம், 1942-ல் அமெரிக்க அரசு டைப்ரைட்டர் விற்பனையைக் கட்டுப்படுத்தி, உற்பத்தியையும் பெரும்பாலும் நிறுத்திடுச்சு. இரும்பும் மெஷினும் போருக்கு வேணுமே! 1942 அக்டோபர்ல இருந்து 1944 பிப்ரவரி வரைக்கும் ஸ்மித்-கொரோனா சுமார் 2,34,000 ரைஃபிள் செஞ்சுச்சு. ரெமிங்டன் ஆர்ம்ஸ் இதே மாடல்ல 7 லட்சத்துக்கும் மேல செஞ்சுது. கேரண்ட் போதுமான அளவுக்கு வர ஆரம்பிச்சதும் ஆர்டர் ரத்து. ஒன்றரை வருஷம்கூட முழுசா ஆகலை. இவங்க மட்டும் இல்லை, ஐபிஎம், அண்டர்வுட் ரெண்டு பேரும் எம்1 கார்பைன் செஞ்சாங்க.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் இனிமேதான் வருது. சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது நல்லாப் புரியும். டைப்ரைட்டர் கம்பெனி செஞ்ச பாகம் எப்படி ராணுவத் துப்பாக்கியில பொருந்தும்? எல்லாருக்கும் ஒரே வரைபடம், ஒரே அளவுகோல். அந்த அளவுல பாஸ் ஆச்சுன்னா, யார் செஞ்சாங்கன்னு ராணுவத்துக்குக் கவலை இல்லை. நாம ‘இன்டர்ஃபேஸ்’னு சொல்றோமே, அதேதான். ரிப்பேருக்கு வந்த துப்பாக்கியைக் கழட்டுவாங்க, கையில கிடைக்கிற பாகத்தை மாட்டுவாங்க, சோதிச்சு அனுப்பிடுவாங்க. ஸ்மித்-கொரோனா உடம்புல ரெமிங்டனோட போல்ட் ஏறுறது சர்வசாதாரணம்.

இன்னைக்குச் சேகரிக்கிறவங்க பார்வை அப்படியே தலைகீழ். குழல் நுனியில ‘எஸ்சி’ங்கிற எழுத்தும், மாசம் வருஷமும் இருக்கா? அந்தத் தேதி சீரியல் நம்பரோட ஒத்துப்போகுதா? ரெமிங்டனோட ‘ஆர்’ முத்திரை எங்கேயாவது தெரியுதா? ஒரு ‘ஆர்’ மாட்டினா விலை இறங்கிடும். கொஞ்ச காலம்தான் செஞ்சாங்க, அதுலயும் தொழிற்சாலையில இருந்து வந்த மாதிரியே மிச்சம் இருக்கிறது குறைவு. அதனால ஒரிஜினல் ஸ்மித்-கொரோனாவுக்கு நல்ல விலை.

இங்கேதான் சிக்கலும். சிலர் உதிரிப் பாகங்களைத் தேடிப் பிடிச்சு மாட்டி, மறுபடியும் ‘ஒரிஜினல்’ ஆக்குறாங்க. எல்லாமே உண்மையான ஸ்மித்-கொரோனா பாகம்தான், ஆனா ஒண்ணாப் பிறந்தவை இல்லை. பாகங்கள் அவ்வளவு கச்சிதமாப் பொருந்துறதாலயே, இதைக் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். வாங்குறவங்க ஏமாறுறது அந்த இடத்துலதான்.

யோசிச்சுப் பாருங்க. யார் செஞ்ச பாகமா இருந்தாலும் பொருந்தணும்னுதான் அந்தத் துப்பாக்கியையே வடிவமைச்சாங்க. போர்ல பலமுறை ரிப்பேர் ஆகி உழைச்ச துப்பாக்கி, அந்த நோக்கத்தை முழுசா நிறைவேத்தியிருக்கு. ஆனா சந்தையில அதுக்கு மதிப்பு கம்மி. பெட்டியிலேயே தூங்கின துப்பாக்கிக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஸ்மித்-கொரோனா என்ன ஆச்சு? கம்ப்யூட்டர் வந்தது, 1995-ல் கம்பெனி திவால் மனு கொடுத்தது. இன்னைக்கு அந்தப் பேர்ல பார்சல்ல ஒட்டுற லேபிள் தயாரிக்கிறாங்க. துப்பாக்கி, டைப்ரைட்டர், மறுபடி துப்பாக்கி, கடைசில லேபிள். ஒரு கம்பெனிக்கும்கூட எல்லாப் பாகமும் ஒரிஜினலா இருக்கணும்னு அவசியம் இல்லை போல.