கூகுளில் ஆரம்பத்திலேயே பணம் போட்ட சென்னைக்காரர்: ராம் ஸ்ரீராம் கொடுத்தது கடனா, பங்கா?

தூத்துக்குடிக்கு வடக்கே இருக்கும் தருவைகுளத்தில் இருந்து ஒரு விசைப்படகு ஆழ்கடலுக்குப் போக வேண்டும் என்றால் முதலில் டீசல் வேண்டும், ஐஸ் வேண்டும், பல நாள் சாப்பாட்டுக்கு அரிசி, சாமான் வேண்டும். அந்தக் காசு எல்லா நேரமும் படகு உரிமையாளர் கையில் இருக்காது. அதனால் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது நம் கடற்கரை முழுக்க இருக்கும் வழக்கம். பிடித்த மீனை அவர் மூலமாகத்தான் விற்க வேண்டும், கமிஷனும் கழியும்.

மீன்பாடு இல்லாமல் திரும்பினால்? முன்பணம் அப்படியே கணக்கில் நிற்கும். 2023 அக்டோபரில் தருவைகுளத்துப் படகு ஒன்றை 12 மீனவர்களோடு மாலத்தீவு கடலோரக் காவல்படை பிடித்தது நினைவிருக்கலாம். இந்தத் தொழிலில் படகே போனாலும் படகுக் கடன் போகாது.

அதே படகில் இன்னொரு கணக்கும் உண்டு. அது பங்கு. செலவு போக மிச்சத்தை உரிமையாளரும் தொழிலாளிகளும் பிரித்துக்கொள்வார்கள். நிறைய மீன் கிடைத்தால் எல்லாருக்கும் நிறைய, இல்லை என்றால் எல்லாருக்கும் இல்லை.

'ஃபண்டிங் வந்துருச்சு' என்று ஸ்டார்ட்அப் நடத்தும் இளைஞர்கள் சொல்கிறார்களே, அந்தப் பணம் இந்த இரண்டில் எந்த வகை? இதைப் புரிந்துகொள்ள ஒரு சென்னைக்காரரின் கதை உதவும்.

யார் இந்த ராம் ஸ்ரீராம்?

முழுப் பெயர் கவிதார்க் ராம் ஸ்ரீராம். சென்னை லயோலா கல்லூரியில் கணிதம் படித்தவர். அமெரிக்காவில் குடியேறி வேலை பார்த்தவர், 1994ல் நெட்ஸ்கேப் என்ற புது நிறுவனத்தில் சேர்ந்தார். அப்போது அந்த நிறுவனம் ஒரு பொருளையும் சந்தைக்குக் கொண்டுவரவில்லை, ஒரு டாலர்கூட வருமானம் இல்லை. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 9ஆம் தேதி நெட்ஸ்கேப் பங்குச்சந்தைக்கு வந்தது. 28 டாலருக்கு விற்ற பங்கு அன்று சாயங்காலம் 58 டாலரைத் தாண்டி நின்றது. சம்பளத்தை விட பங்கு எவ்வளவு பெரியது என்று அமெரிக்காவில் குடியேறிய பல இன்ஜினியர்களுக்குப் புரிந்தது அந்த நாட்களில்தான்.

பிறகு ஜங்லி என்ற நிறுவனத்துக்குத் தலைவராகப் போனார். சென்னை ஐஐடியில் படித்த ஆனந்த் ராஜாராமன், வெங்கி ஹரிநாராயண் உள்ளிட்ட நண்பர்கள் ஆரம்பித்தது அது. இணையக் கடைகளில் ஒரு பொருள் எங்கே என்ன விலை என்று தேடிக் காட்டும். 1998ல் அமேசான் அதை வாங்கியது. பணமாகத் தரவில்லை, தன் பங்குகளாகவே தந்தது. (2012ல் அமேசான் இந்தியாவில் 'ஜங்லி டாட் காம்' என்று நடத்தியதே, அந்தப் பேர் இங்கிருந்து வந்ததுதான்.) ஸ்ரீராமும் அமேசானுக்குப் போய் ஜெஃப் பெசோஸிடம் வேலை பார்த்தார்.

கூகுள் எப்படி வந்தது?

ஜங்லி நண்பர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணினித் துறையில் ஆய்வு செய்தவர்கள். அதே துறையின் ஆய்வு மாணவர்கள்தான் லாரி பேஜும் செர்கே பிரினும். இரண்டு பேரும் ஒரு தேடுபொறியைச் செய்துவிட்டு, அதை யாராவது வாங்கினால் கொடுத்துவிட்டுப் படிப்பை முடிக்கலாம் என்ற நினைப்பில் இருந்தார்கள். ஸ்ரீராமும் முதலில் அப்படித்தான் நினைத்தார். பெரிய இணைய நிறுவனங்களிடம் அவர்களை அனுப்பிப் பார்த்தார். யாரும் வாங்கவில்லை. எக்ஸைட் என்ற நிறுவனத்திடம் விலையை 7.5 லட்சம் டாலர் வரை இறக்கியும் 'வேண்டாம்' என்றுவிட்டார்கள். அந்த எக்ஸைட் 2001ல் திவாலானது தனிக் கதை.

யாருமே வாங்காத பிறகுதான் சொந்தமாக நிறுவனம் ஆரம்பிக்கலாம் என்ற முடிவு. 1998 செப்டம்பர் 4ஆம் தேதி கூகுள் பதிவானது. பதிவாகும் முன்பே 1 லட்சம் டாலர் காசோலை கொடுத்தவர் ஆண்டி பெக்டோல்ஷெய்ம், ஜெர்மனியில் இருந்து குடியேறியவர். பிரின் பிறந்தது மாஸ்கோவில். ஸ்ரீராம் சென்னை. கலிஃபோர்னியா நிறுவனம் என்கிறோம், ஆரம்பக் கூட்டத்தில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள்.

ஸ்ரீராம் பணம் போட்டார், இயக்குநர் குழுவில் உட்கார்ந்தார். அதோடு நிற்கவில்லை. தன் முதலாளி பெசோஸை அவர்களிடம் அறிமுகப்படுத்தினார். பெசோஸ் 2.5 லட்சம் டாலர் போட்டார். தொழில் தெரியாத இரண்டு மாணவர்களுக்கு பணத்தை விடப் பெரிய உதவி இதுதான் என்று சொல்லலாம். முன்பணம் கொடுக்கும் வியாபாரிக்குத் தன் காசு திரும்பினால் போதும். பங்கு வைத்திருப்பவருக்கு நிறுவனம் வளர்ந்தால்தான் லாபம், அதனால் போன் போட்டு ஆள் பிடித்துக் கொடுப்பார்.

பணம் எப்போது கைக்கு வந்தது?

கூகுள் பங்குச்சந்தைக்கு வந்தது 2004 ஆகஸ்ட் 19, பங்கு ஒன்று 85 டாலர். நடுவில் ஆறு வருஷம். அதுவரை அந்தப் பங்குகள் பெரும்பாலும் காகிதம்தான். மாதத் தவணை கிடையாது, வட்டி கிடையாது. கூகுள் மூடப்பட்டிருந்தால் போட்ட பணம் போனதுதான், பேஜும் பிரினும் வீட்டை விற்றுத் தர வேண்டியதில்லை.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கா, வெறும் சதையா என்பது வாங்கியவர் பாடு. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் திறக்காத சிப்பிகளை நிறைய வாங்கி, ஒன்றிரண்டு முத்தில் மொத்த நஷ்டத்தையும் எடுக்கும் அதே கணக்கில்தான் வென்ச்சர் முதலீடு ஓடுகிறது.

ஸ்ரீராம் 2000 ஜனவரியில் ஷெர்பாலோ வென்ச்சர்ஸ் என்ற சொந்த முதலீட்டு நிறுவனம் தொடங்கினார். மலை ஏறுபவர்களுக்கு வழிகாட்டும் ஷெர்பாக்களை நினைவூட்டும் பேர். வேலை தேடும் தளமான நௌக்ரி, மொபைல் விளம்பர நிறுவனமான இன்மொபி என இந்தியாவிலும் பணம் போட்டார்.

அப்போ பங்கு கொடுத்தால் பிரச்சினையே இல்லையா?

இருக்கு. விலை வேறு வடிவத்தில் வரும். ஒரு சின்ன கணக்கு: தூத்துக்குடியில் ஒரு இளைஞர் மீனைக் குளிர்பதனத்தில் அனுப்பும் ஆப் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலீட்டாளர் 20 லட்சம் போட்டு 20 சதவீதம் எடுக்கிறார். இவரிடம் 80. அடுத்த சுற்றில் இன்னொருவர் 25 சதவீதம் கேட்டால், அது எல்லாருடைய பங்கிலும் குறையும். இவருக்கு மிச்சம் 60. மூன்று நான்கு சுற்று போனால், ஆரம்பித்தவரே சிறுபான்மை ஆகிவிடலாம்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் வரும். நிறுவனம் விற்கப்பட்டால் முதலீட்டாளர் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார், மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு. 1 கோடி போட்ட நிறுவனம் 1 கோடிக்கே விற்றால், 60 சதவீதம் வைத்திருந்தும் ஆரம்பித்தவருக்கு ஒன்றும் வராமல் போகலாம். சில ஒப்பந்தங்களில், இத்தனை வருஷத்துக்குள் பணம் திரும்பாவிட்டால் ஆரம்பித்தவரே பங்கைத் திரும்ப வாங்க வேண்டும் என்று இருக்கும். அதில் கையெழுத்து போட்டால் பேருக்குத்தான் பங்கு, நடைமுறையில் கடன். கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீலிடமோ ஆடிட்டரிடமோ காட்ட வேண்டிய பக்கம் அதுதான்.

இங்கே யார் கொடுக்கிறார்கள்?

இந்தியாவில் ஸ்டார்ட்அப் முதலீட்டின் மீது 2012ல் வந்த 'ஏஞ்சல் வரி' 2024 ஜூலை பட்ஜெட்டில் நீக்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் 'டான்சீட்' திட்டத்தில் தேர்வாகும் நிறுவனத்துக்கு ரூ.10 லட்சமும், பெண்கள் நடத்தும் நிறுவனம், கிராமப்புற நிறுவனம் போன்றவற்றுக்கு ரூ.15 லட்சமும் தருகிறார்கள். அரசு எடுத்துக்கொள்வது 3 சதவீத பங்கு. தென் மாவட்டங்களுக்கான அதன் வட்டார மையம் திருநெல்வேலியில் இருக்கிறது.