மடிமையும் அவல நகைச்சுவையும்: ‘சூது கவ்வும்’ திரைப்படத்தை முன்வைத்து

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறியபின் வேறு 32 மெய்ப்பாடுகளையும் தொகுத்துரைக்கின்றார். அவற்றுள் மடிமையும் கையாறும் இடம்பெறுகின்றன. மடிமை சோம்பல், கையாறு செயலற்று நிற்கும் நிலை. எதிலும் மனம் பற்றாமல், கையிலுள்ள வேலையைத் தொடவும் விருப்பமின்றிக் கழியும் சோர்வு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது என நாம் கருதுகின்றோம். பருவ இறுதியில் விடைத்தாள் கட்டின்முன் அமர்ந்திருக்கும் ஆசிரியர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

திருக்குறளில் மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகிய அதிகாரங்கள் (61, 62, 63) அடுத்தடுத்து அமைந்துள்ளன. துன்பம் வருங்கால் நகுக என்பது இறுதியதன் முதற்குறள் தரும் கருத்து. ஆயினும் அறிவுரையே சலிப்பூட்டும் நிலையில் இருப்பவர் எவ்வாறு நகுவார்? இவ்விடத்தில்தான் அவல நகைச்சுவைத் திரைப்படம் பயன்படுகின்றது.

நலன் குமாரசாமி இயக்கத்தில் 2013-இல் வெளிவந்த ‘சூது கவ்வும்’ வேலையற்ற மூன்று இளைஞர்களைக் காட்டுகின்றது. ஒருவன் நடிகைக்குக் கோயில் கட்டியதால் ஊரைவிட்டு வந்தவன். மற்றொருவன் விடியற்காலையில் முறையாக எழுந்து, ஆயத்தமாகி, மது அருந்த அமர்கின்றான். மடிமைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை இதனினும் கூர்மையாகக் காட்டிய தமிழ்க் காட்சி அரிது. இவர்கள் சேரும் தாஸ் என்பவனோ ஐந்து விதிகளை வகுத்துக்கொண்டு ஆள்கடத்துபவன். கற்பனைக் காதலியோடு உரையாடுபவன். அதிகாரத்தில் இருப்போரைத் தொடக்கூடாது என்னும் தன் விதியை மீறி, நேர்மையான அமைச்சரின் மகனைக் கடத்த முற்படுகின்றான். அம்மகனோ தந்தையிடமிருந்து பணம் பறிக்கத் தானே துடிப்பவன்.

எள்ளல், இளமை, பேதைமை, மடமை என நகை தோன்றும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் நான்காகப் பகுத்தார். குற்றத்திற்கு விதி வகுப்பது பேதைமை. வாய் திறவாமல் அச்சமூட்டும் காவல் அதிகாரி, தம் இடுப்பில் செருகிய துப்பாக்கியாலேயே காயமுறுவது எள்ளல். எனினும் இப்பகுப்பு மட்டும் போதாது. அச்சம், இளிவரல் ஆகியன தோன்ற வேண்டிய இடத்திலேயே இங்கு நகை தோன்றுகின்றது. எனவே சிரித்த மறுகணமே, இதற்கா சிரித்தோம் என்னும் வினா எழுகின்றது. சோர்ந்த மனத்தில் வினாவே எழுவதில்லை என்பதை எண்ணுக. காட்சிதோறும் சிரிக்கலாமா கூடாதா எனத் தீர்மானிக்க வேண்டியிருப்பதால், படுத்துக் கிடந்த மனம் தன்னை அறியாமலேயே எழுந்து அமர்கின்றது. வெறும் கேலிக்கூத்து இதனைச் செய்வதில்லை. அது நம்மிடம் தீர்ப்பு எதனையும் கேட்பதில்லை. ‘ஊக்கமூட்டும்’ படங்களோ, நாயகனின் வெற்றியைக் காட்டிச் சோர்ந்தவரை மேலும் நாணச் செய்கின்றன.

தலைப்பும் கருதத்தக்கது. அது பாரதியின் பாஞ்சாலி சபதத்தில், வீமனின் சினம் தணிக்க அருச்சுனன் கூறும் சொற்களிலிருந்து எடுக்கப்பட்டது. அருச்சுனன் கூற்றில் அதனைத் தொடர்ந்து தருமத்தின் வெற்றி வருகின்றது. திரைப்படம் முற்பாதியோடு நின்றுவிடுகின்றது: நேர்மையான தந்தை ஒதுக்கப்பட, மகனே அமைச்சராகின்றான். பார்ப்பவர்க்கு ஆறுதல் அளிக்கப்படவில்லை. விடுபட்ட பிற்பாதியை அவரே தேட வேண்டியுள்ளது; அத்தேடல் படம் முடிந்த பின்னரும் தொடர்கின்றது.

இங்கு நாம் பேசுவது அன்றாடச் சோர்வைப் பற்றியே. வாரக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் உணவையும் குலைக்கும் மனச்சோர்வு நோய்க்கு மருத்துவரையே நாட வேண்டும். மாணவர்க்கு இப்படத்தைக் காட்ட விரும்பும் ஆசிரியர் மேல்வகுப்புகளைத் தேர்வது நன்று. ஆள்கடத்தல் விளையாட்டாகக் காட்டப்படுவதால், படம் முடிந்ததும் உடனே கலைந்துவிடாமல், எந்தெந்த இடங்களில் சிரித்தனர், எங்கே சிரிப்பு நின்றது என மாணவரையே எழுதச் செய்யலாம். நகையின் நான்கு நிலைக்களன்களைக் கரும்பலகையில் எழுதிவைத்துத் தொடங்கினால் மெய்ப்பாட்டியல் பாடமும் அன்றே நடந்துவிடும்.