பாதியில் கரண்ட் போனால் மழைமானி செத்துவிடுமா?

பண்டாரவளை வாசகர் ஒருவரின் கேள்வி இது. பாடசாலை விஞ்ஞான மன்றம் செய்த மழைமானிக்குக் கணினியிலிருந்து புது ஃபர்ம்வேர் ஏற்றும்போது கரண்ட் போனால், போர்டைக் குப்பையில் போட வேண்டியதுதானா?

வேண்டாம். அவர்களிடம் இருப்பது ஆர்டுயினோ மெகா. மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் சுவிஸ் ஆய்வாளர்களும் தெதுரு ஓயாப் படுகையில் நிறுவிய வானிலை நிலையங்களுக்கும் அதுதான் மூளையாக இருந்தது.

அதன் ஃபிளாஷ் நினைவகத்தை அழித்தால் எல்லா பிட்டும் 1 ஆகும். எழுதுவது என்பது சிலவற்றை 0 ஆக்குவது மட்டுமே. ஒரு 0-ஐத் தனியாக 1 ஆக்க வழியே இல்லை. கிள்ளிய கொழுந்தைச் செடியில் ஒட்ட முடியாதல்லவா? மலை முழுவதையும் கவ்வாத்து வெட்டித்தான் மறுபடி துளிர்க்க விட வேண்டும். வாரம், பத்து நாளில் தானாகவே துளிர்க்குமே என்று தோட்டத்து வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். இந்த நினைவகம் 10,000 அழிப்புகளைத் தாங்கும்; அத்தனை கவ்வாத்தைத் தாங்கும் தேயிலையும் கிடையாதுதான்.

 

ஆர்டுயினோ மென்பொருளின் பின்னால் வேலை செய்வது ஏவிஆர்டூட் என்ற சின்னக் கருவி. அது கேபிள் வழியே போர்டை ரீசெட் செய்கிறது. விழித்ததும் முதலில் ஓடுவது நம் நிரல் அல்ல. நினைவகத்தின் கடைசி 8 கிலோபைட்டில் குந்தியிருக்கும் பூட்லோடர். யாராவது கூப்பிடுகிறார்களா என்று ஒரு கணம் காது கொடுக்கும். கூப்பிட்டால் 256 பைட்டாக வாங்கி, அழித்து, எழுதும். இல்லையென்றால் பழைய நிரலிடம் பொறுப்பைக் கொடுத்துவிடும். அதன் சொந்த மூலை மட்டும் பூட்டப்பட்டிருக்கிறது. பாதியில் கரண்ட் போனால் நிரல் உளறும், பூட்லோடர் உளறாது. கேபிளைச் செருகி மறுபடி ஏற்றினால் சரி.

எனக்குப் பயம் வேறிடத்தில். முடிவில் 'சரிபார்க்கப்பட்டது' என்று திரையில் வருவதற்கு, அனுப்பிய பைட்டும் எழுதிய பைட்டும் ஒன்று என்பதே பொருள். மழைநீர் நிறைந்து கவிழும் கரண்டிக்கு 0.2 மில்லிமீற்றர் என்று போட வேண்டிய இடத்தில் 0.1 என்று போட்டிருந்தால், அந்தத் தப்பும் பத்திரமாகச் சரிபார்க்கப்படும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் 24 மணிநேர மழையளவுகள் 75, 100, 150 மில்லிமீற்றர். முதலாவது விழிப்பு, கடைசியானது வெளியேற்றம். வெளியேற வேண்டிய 150, உங்கள் திரையில் 75 என்று நிற்கும்.

'ஸ்மார்ட்' கருவி வந்தால் மலை அடங்கிவிடும் என்று விற்பவர்களை நம்பாதீர்கள். 2014 ஒக்டோபர் 29-இல் மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்சரிவில் புதைந்தபோது எச்சரிக்கைக்குப் பஞ்சமில்லை. 2005-இலும் 2011-இலும் அந்த நிலம் ஆபத்தானது என்று சொல்லப்பட்டிருந்தது.

மாணவர்களுக்கு ஒன்று: ஃபர்ம்வேர் ஏற்றும் ஒவ்வொரு முறையும் அளந்த தண்ணீரை மானியில் மெதுவாக ஊற்றி, திரையில் வரும் மில்லிமீற்றர் சரிதானா என்று பாருங்கள்.