தரங்கம்பாடியில் ஒரு பட்டாபிஷேகம்

பட்டாபிஷேகம் என்றதும் முடியும் சிங்காதனமும் நேயர்களின் நினைவுக்கு வரலாம். நாம் இங்கே சொல்லப் புகுந்த பட்டாபிஷேகத்தில் அவ்விரண்டும் கிடையா. கடலூர்த் தமிழர் ஒருவரின் சிரசின்மீது பாதிரியார்கள் கை வைத்துப் பிரார்த்தித்தார்கள். சடங்கின் சாரம் அவ்வளவுதான். ஆயினும் அது நடந்த 1733-ஆம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி, நம் தேச சரித்திரத்தில் குறித்து வைக்கத் தக்க தினம். புராட்டஸ்டண்டு கிறிஸ்தவ மார்க்கத்தில் இந்தியர் ஒருவர் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்றது அன்றுதான். அவர் பெயர் ஆரோன்.

சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்துடன் தரங்கம்பாடிக்குச் சென்றிருந்தோம். அலை மோதும் கரையிலே, டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை நிற்கிறது. ஊருக்குள் செல்லும் இராஜ வீதியில் 'புது எருசலேம்' ஆலயத்தைக் காணலாம். 1718-ல் பிரதிஷ்டையான அவ்வாலயத்தின் முகப்பில் டென்மார்க்கு அரசரின் கிரீடமும் பெயரெழுத்துக்களும் இன்றும் விளங்குகின்றன. 1706-ல் இங்கு வந்திறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சேற்றிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, அதனுள்ளேதான் அடக்கமாகியிருக்கிறார். ஆறுமுகம் என்ற பெயருடன் சைவ வேளாளர் குடும்பத்தில் வளர்ந்த இளைஞர் 1718-ல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனதும் அவர் காலத்திலேதான்.

இந்த வரலாற்றைச் சொல்லிக் கொண்டிருந்தபோது எங்கள் மகள் குறுக்கிட்டாள். "சுவாமியைக் கும்பிடவும் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கவும் எதற்காக அப்பா ஒருவர் தலையில் மற்றொருவர் கை வைக்க வேண்டும்?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான்.

கும்பிடுவதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. போதிப்பதற்கு உபதேசியார் என்று ஒருவர் இருந்தார். ஆரோனும் பல ஆண்டுகள் அந்த வேலையைத்தான் பார்த்து வந்தார். வீடு வீடாகச் சென்று வேதம் வாசிப்பார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வார். நோயாளிகளிடம் உட்கார்ந்து ஜபிப்பார். ஆனால் அப்பமும் திராட்ச ரசமும் வழங்கும் திருவிருந்தை நடத்த அவருக்கு அதிகாரம் இல்லை. அதற்குக் குருப்பட்டம் வேண்டும். நம் சிவாலயங்களில் தீட்சை பெறாதவர் மூலஸ்தானத்தில் பூஜை செய்வதில்லை யல்லவா? ஏறக்குறைய அதைப் போன்றதே இதுவும் என்று மகளுக்கு விளக்கினோம்.

பட்டம் பெறுபவரைச் சபையார் முதலில் சோதித்தறிகிறார்கள். பிறகு அனைவர் முன்னிலையிலும் அவர் பிரதிக்ஞை செய்ய, முன்பே பட்டம் பெற்றவர்கள் கை வைத்து ஆசீர்வதிக்கிறார்கள். அன்று முதல் பிறப்பிலும் மணத்திலும் மரணத்திலும் அவ்வூரார் அவரை எதிர்பார்த்து நிற்பார்கள். அவர் நடத்தி வைக்கும் விவாகத்துக்கு இந்தியக் கிறிஸ்தவர் விவாகச் சட்டம் 1872 முதல் இராஜாங்க அங்கீகாரமும் அளித்திருக்கிறது. ஆகவே பட்டம் என்பது வெறும் அலங்காரமன்று. ஊரார் ஒருவர்மேல் வைக்கும் நம்பிக்கைக்கு அடையாளம் அது.

ஆரோன் விஷயத்தில் அந்த நம்பிக்கைக்கு ஓர் அவசரமும் இருந்தது. தரங்கம்பாடி ஒரு சிறு துண்டு நிலம். அதன் எல்லையைக் கடந்தால் தஞ்சை மன்னரின் ராஜ்யம். அங்கே ஐரோப்பியர்கள் தம் இஷ்டம்போல் நடமாட இயலாது. கிறிஸ்தவர்களோ உள்நாட்டுக் கிராமங்களிலும் பெருகி வந்தார்கள். வெள்ளைக்காரப் பாதிரியார் போக முடியாத வரப்பு வழிகளில் ஆரோன் தாராளமாகப் போனார். மாயவரத்தைச் சுற்றிய ஊர்கள் அவர் பொறுப்பில் இருந்தன. 1745-ல் காலமாகும் வரையில் அவர் அப்பணியை விடவில்லை.

இதற்கு நேர்மாறாக இங்கிலீஷ் கம்பெனியாரைப் பாருங்கள். கோட்டைதோறும் 'சாப்ளின்' என்னும் பாதிரியார் ஒருவர் இருக்க வேண்டும் என்றும், அவர் நாட்டு மொழியைக் கற்க வேண்டும் என்றும் 1698-ல் அவர்கள் பெற்ற சாஸனத்தில் விதி இருந்தது. ஆனால் கம்பெனிச் சம்பளம் பெற்ற சாப்ளினுடைய முதல் வேலை, கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் சடங்கு நடத்துவதுதான். மொழியைக் கற்கச் சொல்லிவிட்டால் ஜனங்களோடு பழக்கம் வந்துவிடுமா? தரங்கம்பாடியார் அதற்குப் பதிலாக, ஜனங்களிடையே பிறந்த ஒருவருக்கே பட்டம் கொடுத்தார்கள். அதற்காக அவர்களைப் போற்றத்தான் வேண்டும்.

நிற்க. போற்றுதலோடு முடித்துவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். அதே நாட்களில் ராஜநாயக்கன் என்று மற்றோர் உபதேசியார் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் சேவகம் செய்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேத நூலைத் தாமே படித்து மனம் மாறி, சேவகத்தை விட்டுவந்தவர். ஊழியத்தில் அவர் யாருக்கும் இளைத்தவரல்லர். ஆரோனுக்குப் பட்டம் கிடைத்தது. 1741-ல் தியோகு என்பவருக்கும் கிடைத்தது. ராஜநாயக்கனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஏன்? அவர் பறையர் குலத்தில் பிறந்தவர். அவர் கையால் திருவிருந்து வாங்கிக்கொள்ள மேல் ஜாதிக் கிறிஸ்தவர்கள் கூசுவார்கள், அதனால் திருவிருந்தின் மதிப்பே குன்றிவிடும் என்று பாதிரியார்கள் அஞ்சினார்கள். 1771-ல் இறக்கும் வரையில் அவர் உபதேசியாராகவே இருந்தார்.

கடல் கடந்து வந்தவர்கள் தமிழைக் கற்றார்கள். கூடவே நம் நாட்டு ஜாதிக் கணக்கையும் கற்றுக்கொண்டார்கள். இதில் அவர்களை மாத்திரம் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர்கள் அஞ்சியது நம்மவருடைய கூச்சத்துக்கன்றோ!

காலம் மெல்ல மெல்லத்தான் மாறியது. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளைக் கிராமத்தில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப்பாகக் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்றது 1912-ஆம் வருஷம் டிசம்பர் 29-ந் தேதி. ஆரோனுக்குப் பின் 179 வருஷங்கள்! ஹிந்து ஆலயங்களிலும் இதே கேள்வி எழுந்தது. ஆகமப் பயிற்சி பெற்ற பல ஜாதியினரைத் தமிழக அரசாங்கம் 2021-ல் அர்ச்சகர்களாக நியமித்தபோது, எத்தனை வாதங்கள், எத்தனை வழக்குகள்!

ஊர் திரும்பும் வழியில் மகள் வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "ராஜநாயக்கனோடு ஆரோன் பேசிப் பழகியிருப்பாரா, அப்பா?" என்றாள். இருவரும் ஒரே ஊழியத்தில் இருந்தவர்கள்; பேசாமலா இருந்திருப்பார்கள் என்றோம். "அப்படியானால், 'என் தலையில் வைத்த கையை இவர் தலையிலும் வையுங்கள்' என்று ஆரோன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்றாள் அவள்.

முப்பது குழந்தைகளுக்குத் தினந்தோறும் பதில் சொல்லிப் பழகிய நமக்கு, இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.