அட்டையும் அடுப்பும் - 6: படிவத்தில் தறி இல்லை

தலைக்கு மேலிருக்கும் பொருளை எடுக்க முடிகிறதா? கையால் மூக்கைத் தொட முடிகிறதா? சோற்றை அள்ளி உண்ண, தலை வார, சட்டை போட, கழுவிக்கொள்ள, தம்ளரில் தண்ணீர் குடிக்க, பொத்தான் மாட்ட, வேட்டி கட்ட, எழுத முடிகிறதா? கையின் குறைபாட்டை அளக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறையில் இந்தப் பத்துச் செயல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 9 சதவீதம். 2001-இல் வெளியான நெறிமுறையில் இருந்த இந்தப் பட்டியல், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-க்காக 2018 ஜனவரியில் புதிதாக எழுதியபோதும் நீடித்தது.

பத்தில் ஒன்பது, வீட்டில் எல்லாரும் செய்கிற காரியங்கள். மிச்சமிருப்பது எழுதுவது. பிழைப்புக்காகக் கை செய்யும் வேலை என்று இந்தப் பட்டியலில் சொல்லத்தக்கது அது ஒன்றுதான். காஞ்சிபுரத்தில் பிழைப்பு வேறு விதமாக நடக்கிறது.

கைலாசநாதர் கோயிலை ஒட்டிய பிள்ளையார்பாளையத் தெருக்களில் இன்னும் தறிச் சத்தம் கேட்கிறது. குழித்தறியில் உட்காருகிறவர் தரையில் வெட்டிய குழிக்குள் காலை இறக்கி, மிதிபலகையை மாற்றி மாற்றி மிதிக்கிறார். முதுகு முன்னால் வளைந்திருக்கிறது. கோர்வைச் சேலை என்றால் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். இரண்டு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா ஓட வேண்டும். அவை சந்திக்கும் இடத்தில் இழையோடு இழை கோக்கப்பட்டால்தான் கரை பிரியாமல் நிற்கும். ஒரு பக்கத்துக் கரையை வாங்கிக் கொடுக்க அருகில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். பாவில் ஒரு பட்டிழை அறுந்தால், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதைப் பிடித்து முடிச்சிட வேண்டும். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலை பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். சேலை இறங்கினால்தான் கூலி.

முப்பது வருடம் இப்படி உட்கார்ந்த உடம்பில் முதலில் எது போகும் என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இடுப்பும் முழங்காலும் போகும், தோள்பட்டை இறுகும். கண் மங்கும். விரல் நுனியில் உணர்ச்சி குறையும். ஒரே நாளில் நடக்கிற விபத்து எதுவும் கிடையாது. ஒரு தீபாவளிக்கு நாலு சேலை இறக்கியவர் அடுத்த தீபாவளிக்கு மூன்று இறக்குவார், அதற்கடுத்த வருடம் இரண்டு.

அவர் மருத்துவச் சான்றுக்குப் போகிறார். எலும்பு மருத்துவர் மூட்டு எவ்வளவு வளைகிறது என்று கோணமானியால் அளப்பார். தசையின் வலுவைச் சோதிப்பார். விரல்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. பிடிக்கும் திறன், உணர்ச்சி, வலு ஆகிய மூன்றுக்கும் தலா 30 சதவீதம். பிடிக்கும் திறனில் சாவியைப் பிடிப்பதுபோல் பக்கவாட்டில் பிடிப்பதற்கு 5. பெருவிரல் மற்ற நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொடுவதற்கு 8. அதாவது விரலுக்கு 2. அறுந்த இழையை எடுக்கும் அந்த இரண்டு விரல்கள் ஒன்றையொன்று தொட முடியாமல் போனால், பெருவிரல் - ஆள்காட்டி விரல் கணக்கில் கழிவது அந்த 2 சதவீதம். மருத்துவர் தவறு செய்யவில்லை. படிவம் கேட்டதை அளந்து எழுதியிருக்கிறார்.

அடுத்தது கூட்டல். ஒருவருக்கு முழங்காலில் 25, கையில் 20 என்று வைத்துக்கொள்வோம். நமக்குத் தெரிந்த கணக்கில் 45. நெறிமுறையின் கணக்கு வேறு. பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, 90-இல் மீதமிருக்கும் 65-க்கு ஏற்றபடி சிறிய எண்ணைச் சுருக்க வேண்டும். 20 என்பது 14-சொச்சமாகிவிடும். மொத்தம் 39.4. உடம்பு நூறைத் தாண்டி ஊனப்பட முடியாது என்பதால் இந்தச் சூத்திரம் தேவை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் கோடு போட்டிருப்பது 40-இல். காலும் கையும் சேர்ந்தால்தான் தறி ஓடும் என்பதும் இரண்டும் தளர்ந்தால் நெசவே நின்றுவிடும் என்பதும் இந்தக் கூட்டலில் எங்கே வருகின்றன?

கண்ணின் கதை இன்னும் கடுமையானது. ஒரு கண் முழுதாகப் போய், மற்ற கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம். ஜரிகையின் மினுமினுப்பில் இழை எண்ணுகிறவருக்கும், தேங்காய் வியாபாரிக்கும், எனக்கும் அதே 30.

சான்று வாங்கி வெளியே வருகிறவரிடம் முதல் கேள்வி, “எத்தனை பர்சென்ட் போட்டாங்க?” என்பதுதான். 40-ம் அதற்கு மேலும் என்றால், வருவாய்த் துறை வழியாக வரும் மாத உதவித்தொகைக்கு மனுப் போடலாம். 2023 ஜனவரி முதல் அது 1,500 ரூபாய். கடுமையான பாதிப்பு என்றால் 75-ம் அதற்கு மேலும் இருக்க வேண்டும்; மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்புத் தொகை 2,000. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் 80-க்குக் கீழே எட்டிப் பார்ப்பதில்லை. அதன் பங்கும் பல வருடமாக மாதம் 300 ரூபாயில் நிற்கிறது. 2024 அக்டோபரில் திருத்திய விதிகளின்படி அடையாள அட்டைக்கு நிறம் பிரித்திருக்கிறார்கள்: 80-ம் அதற்கு மேலும் நீலம், 40 முதல் மஞ்சள், 40-க்குக் கீழே வெள்ளை. உமக்குக் குறைபாடு உண்டு என்று அரசே எழுதிக் கொடுத்து, ஓய்வூதியம் மட்டும் இல்லை என்று சொல்லும் அட்டை அந்த வெள்ளை அட்டை.

தொழிலைக் கேட்டுவிட்டு ஊனத்தை எடைபோட நம் நாட்டுச் சட்டத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒடிசாவின் ஜெய்ப்பூரில் 1968-இல் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி அந்த இழப்பு 70 சதவீதம்தான் என்று வாதிட்டார் வேலை கொடுத்தவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது; ஆகவே இது முழு இழப்பு என்று 1975 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற சாலை விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் விரித்துச் சொன்னது. மருத்துவர் எழுதுவது உறுப்பின் சதவீதம். வருமானம் எவ்வளவு போனது என்பது வேறு கணக்கு. இடது கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ இழப்பு முழுமையாக இருக்கலாம், அதே கையை இழந்த எழுத்தர் வேலையில் தொடரலாம். இன்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில் இந்த வழக்கைச் சொல்லாத வக்கீல் அபூர்வம்.

அதாவது லாரி மோதி ஒரு நெசவாளரின் விரல் போனால், “நீ என்ன வேலை செய்கிறாய்?” என்று நீதிமன்றம் கேட்கும். தறியே அதே விரலைத் தின்றால் யாரும் கேட்க மாட்டார்கள். தன் வீட்டில், கூலிக்கு நெய்கிறவரைத் தொழிலாளர் இழப்பீட்டு விதிகளும் சுலபமாக எட்டுவதில்லை. அவருக்கு மிஞ்சுவது ஓய்வூதிய மனு ஒன்றுதான், அங்கே படிவத்தில் தறி இல்லை.

தொழிலைக் கேட்கச் சொன்னால் ஆபத்தும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பிரிட்டனில் 2008 அக்டோபரில் வேலைத் திறன் மதிப்பீடு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நிற்பது, உட்காருவது, பொருளை எடுப்பது என்று வரிசையாகக் கேட்டுப் புள்ளி போடுவார்கள். பொதுவாக 15 புள்ளி சேர வேண்டும். மதிப்பிடும் வேலை அட்டோஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 2015-இல் மாக்சிமஸ் வந்தது. அங்கே கேட்டது உன் தொழிலைச் செய்ய முடியுமா என்றல்ல. ஏதாவது ஒரு வேலை செய்ய முடியுமா என்று. கேன்ஸில் 2016-இல் தங்கப் பனை வாங்கிய கென் லோச்சின் ‘ஐ, டேனியல் பிளேக்’ படத்தின் நாயகனும் ஒரு தச்சர்தான்; இதய நோயோடு அந்த மேசைகளின் முன் அலைகிறவர். உதவியைப் பறிப்பதற்காகக் கேட்கும் தொழில் கேள்வி நமக்கு வேண்டாம்.

எனக்கு வேண்டியது சிறியது. 40 வாங்கியவருக்கு இன்றுள்ள உரிமை அப்படியே இருக்கட்டும். 40-க்குக் கீழே நின்றவரிடம் மட்டும் இன்னொரு கேள்வி: எத்தனை வருடமாக என்ன வேலை, அது இப்போது எவ்வளவு நடக்கிறது? இதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கத்து உறுப்பினரின் பாஸ் புத்தகத்தில் பாவு வாங்கியதும் சேலை கொடுத்ததும் கூலி பெற்றதும் தேதியோடு இருக்கின்றன. ஐந்து வருடப் பக்கங்களைப் புரட்டினால் அந்தக் கை எப்போது தளர்ந்தது என்று தெரிந்துவிடும். கோணமானி அதைச் சொல்லாது. தனியார் முதலாளியிடம் நெய்கிறவரிடம் அப்படி ஒரு புத்தகம் இருக்குமென்று சொல்ல முடியாது. அவர்களுக்குக் கைத்தறிக் கணக்கெடுப்பின் நெசவாளர் அட்டையும், கைத்தறித் துறை அலுவலரின் நேரடி விசாரணையும் துணையாகலாம்.

நீதிமன்றம் இந்தத் திசையில் ஓர் அடி வைத்தாகிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஓர் இளைஞர் மத்தியத் தேர்வாணையத் தேர்வில் தான் சொல்வதை எழுத ஓர் உதவி எழுத்தர் கேட்டார். மருத்துவக் குழு அவருக்குப் போட்டது 6 சதவீதம். 40 இல்லாவிட்டாலும் அவருக்கு உதவி எழுத்தர் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பேனா பிடிக்கும் கைக்குக் கிடைத்தது, நாடா பிடிக்கும் கைக்கும் கிடைக்க வேண்டும்.

சதவீதம் குறைவு என்று நினைப்பவர் 2016 சட்டத்தின் 59-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். கட்டாயம் செய்யுங்கள், சங்கத்துப் பாஸ் புத்தகத்தின் நகலையும் மனுவோடு இணையுங்கள். படிவம் கேட்காவிட்டாலும், இணைத்த காகிதம் கோப்பில் இருக்கும்.

அடுத்த வாரம்: 40-ஐத் தாண்டியவரின் வீட்டுக்குக் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வருகிறார்.

(தொடரும்)