கடையும் கல்லூரியும் கைகோர்க்கட்டும்

விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, வணிகர்கள் கொடுத்த மகமையிலும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியிலும் வளர்ந்தது. பெருந்தலைவர் காமராஜர் படித்த பள்ளி அது. 1947-ல் காரைக்குடியில் அழகப்பச் செட்டியாரும், 1949-ல் மதுரையில் கருமுத்து தியாகராஜச் செட்டியாரும் கல்லூரி தொடங்கினார்கள். வணிகத்தில் வந்த பணம் இப்படிக் கல்விக்குப் போயிற்று. இன்று கல்வி நம் கடைகளுக்குத் திரும்பி உதவ வேண்டிய காலம் வந்திருக்கிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு 'செயற்கை நுண்ணறிவு' என்ற சொல் கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது. பில் போடும் மென்பொருள் விற்பவர் முதல், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துத் தருகிறேன் என்பவர் வரை அந்தப் பெயரைச் சொல்லித்தான் வருகிறார்கள். பெரிய நிறுவனங்களில் இதைச் சோதித்துப் பார்க்கத் தனி ஆட்கள் உண்டு. நாமோ விற்க வருபவரிடமே விளக்கமும் கேட்கிறோம். சரக்கை விற்பவரே தரச் சான்றும் கொடுத்தால் ஏற்போமா?

எங்கே இடறும்?

இந்தக் கருவிகள் பயன்படாதவை அல்ல. கொள்முதல் பில்லைப் படித்துப் பதிவு செய்யும்; எந்தச் சரக்கு எப்போது தீரும் என்று கணக்கிடும்; விலைப்பட்டியல் தயாரிக்கும். ஆனால் தெரியாததையும் தெரிந்தது போலச் சொல்லும் குணம் இவற்றுக்கு உண்டு.

2025 செப்டம்பர் 22 முதல் நெய், வெண்ணெய் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், ஷாம்பு, பற்பசை மீது 18-லிருந்து 5 ஆகவும் குறைந்தது. பழைய தகவலில் பழகிய கருவி பழைய விகிதத்தையே சொல்லக்கூடும். நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான்.

தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20 அன்று வந்தது. ஆங்கிலத் தேதியை மட்டும் பார்த்துக் கணக்கிடும் கருவி, எண்ணெய்க்கும் கடலை மாவுக்கும் தவறான வாரத்தில் ஆர்டர் போடச் சொல்லும். பண்டிகை நாட்களை அதற்கு நாம் சொல்லித்தர வேண்டும்.

கனடாவில் ஒரு பயணிக்கு ஏர் கனடா விமான நிறுவனத்தின் தானியங்கி உரையாடல் கருவி, கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. அதற்கு நிறுவனமே பொறுப்பு என்று 2024-ல் அங்குள்ள தீர்ப்பாயம் முடிவு செய்து இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 'மெஷின் சொன்னது' என்ற சாக்கு அங்கே எடுபடவில்லை.

கடன் நோட்டு

நம்மிடம் உள்ள பெரிய சொத்து வாடிக்கையாளர் வைத்திருக்கும் நம்பிக்கை. யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது கடைக்காரருக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது; விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. காகிதத்தில் எழுதிய பெயரும் தொலைபேசி எண்ணும் கம்ப்யூட்டரில் ஏறியவுடன் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். ஆகவே கடன் நோட்டைப் படம் பிடித்து ஏதோ ஒரு செயலியில் ஏற்றுவது சிறிய காரியம் அல்ல.

கல்லூரி என்ன செய்யலாம்?

1. வெள்ளோட்டம்: கணினி, வணிகவியல் துறை மாணவர்கள் இறுதியாண்டில் செய்முறைத் திட்டம் செய்கிறார்கள். வாடிக்கையாளர் பெயர்களை நீக்கிவிட்டு, இரண்டு ஆண்டு விற்பனைக் கணக்கை ஆசிரியர் மேற்பார்வையில் கொடுக்கலாம். கருவியின் கணிப்பு, கடைக்காரரின் கணிப்பு, உண்மையான விற்பனை ஆகிய மூன்றையும் மூன்று மாதம் ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

2. ஒப்பந்தப் பரிசோதனை: நம் கணக்கு எங்கே சேமிக்கப்படுகிறது, அதை வேறு எதற்கும் பயன்படுத்துவார்களா, விலகும்போது திரும்பக் கிடைக்குமா, அடுத்த ஆண்டுக் கட்டணம் என்ன? இவற்றைப் பேராசிரியர்கள் படித்துச் சொல்லலாம்.

3. தமிழில் வகுப்பு: ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி நேரம் போதும். கணக்குப்பிள்ளையும் கடைப் பையனும் உட்பட எல்லோரும் தங்கள் கைப்பேசியிலேயே பழக வேண்டும்.

விற்பனை நோக்கம் இல்லாத கல்லூரிக்குத்தான் "உங்கள் கடைக்கு இது தேவையில்லை, நோட்டே போதும்" என்று சொல்லும் துணிவு இருக்கும்.

நம் பங்கு

மாணவர் படிப்பு முடித்துப் போய்விடுவார். கடை நாளையும் திறக்க வேண்டும். ஆகவே ஏற்பாடு சங்கத்துக்கும் கல்லூரிக்கும் இடையே எழுத்தில் இருக்கட்டும். வங்கிக் கடவுச்சொல்லை யாரிடமும் தரலாகாது. யாருக்குக் கடன் தருவது, யாரை வேலைக்கு வைப்பது என்ற முடிவுகள் முதலாளியிடமே இருக்கட்டும்.

புதிய கல்வியாண்டு தொடங்குமுன் ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் அருகிலுள்ள கல்லூரி முதல்வரைச் சந்தித்து, முதற்கட்டமாக ஐந்து கடைகளை முன்வைக்கலாம். ஆழம் பார்த்துக் காலை விடுவது வணிகனுக்கு அழகு. ஆழம் பார்க்க ஊரிலேயே ஆள் இருக்கும்போது, கரையில் நின்று தயங்கவும் வேண்டாம், கண்ணை மூடிக் குதிக்கவும் வேண்டாம்.